உன் அறையில் நான் குடித்த தேத்தண்ணி

மகளுக்கு, அப்பா எழுதுவது.

நலம் விசாரிப்பதை உன் அம்மா தினமும் போனில் முடித்துவிடுகிறாள். சாப்பிட்டாயா, இருமல் நின்றதா, ஸ்வெட்டர் போட்டாயா என்று அவள் கேட்டு முடித்த பிறகு எனக்கு மிச்சம் இருப்பது கோபம் மட்டும்தான். அதனால் நேராக அதற்கே வருகிறேன். அடுத்த மாதம் நீ கொழும்புக்கு, அமைச்சுக்கு மாற்றலாகிப் போகிறாய். தோட்டத்தில் பிறந்த பிள்ளை அவ்வளவு பெரிய இடத்துக்குப் போகிறது என்று அம்மா கோயிலில் பொங்கல் வைத்து லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கொடுத்தாள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் நீ போவதற்கு முன்னால் உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. போனில் கேட்டால், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். ஆகவே கடிதம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டுமான கடிதம் இல்லை. தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் நம் லயத்துச் சனங்களைக் கோயிலடியில் உட்கார வைத்து இதை வாய்விட்டு வாசிக்கப் போகிறேன். அவர்கள் நடுவில் என் பெயர் கெட்டுக் கிடக்கிறது. காரணம், உன் அறையில் நான் குடித்த தேத்தண்ணி.

நீ குவாட்டர்ஸில் தங்க ஆரம்பித்த பிறகு மழைக்காலத்தில் லயத்துப் பக்கம் வரவில்லை. போன அடைமழையில் பின்பக்கத்து மலை கக்கூஸ் வரிசையையும் இழுத்துக்கொண்டு இறங்கியது உனக்குத் தெரியும். அறிக்கை பிரதேச செயலகத்தில் உன் மேசைக்குத்தான் வந்தது. மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் வந்தார்கள். சுவரில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டார்கள். இங்கே மனிதர் குடியிருக்கக் கூடாது என்றார்கள். வேறு எங்கே குடியிருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் படுத்தோம். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்றதும் மறுபடி அதே லயத்துக்கே இறக்கிவிட்டார்கள். இப்போது மழை வலுத்தால் பிள்ளைகளையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஏறுகிறோம், விட்டால் இறங்குகிறோம். சுவர் ஒட்டின பக்கத்துக் காம்பரா செல்லையா, சின்ன வயதில் உன்னைத் தோளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட அதே செல்லையா, அவன் அடுப்படிச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல் ஓடுகிறது. அவன் பொண்டாட்டி அதில் பழைய சேலையை அடைத்து வைத்திருக்கிறாள், குளிர் வராமல் இருக்க.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ரோட்டோரம் பழைய நர்சரி மேடு இருக்கிறதல்லவா, ஒரு காலத்தில் தேயிலைக் கன்று போட்டு வளர்த்த இடம், இப்போது மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. மண் இறுகின இடம், மேலே மலை இல்லை. அதில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தால் நாங்களே கட்டிக்கொள்வோம். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனோம். "காணி கவர்ன்மென்ட் காணி. நாங்க குத்தகைக்குத்தான் வச்சிருக்கோம். அவங்க சொன்னா நாளைக்கே விட்டுடுவேன்" என்றார். உன் அலுவலகத்துக்கு வந்தோம். "தோட்டத்துலேருந்து காணிய விடுறதா கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். துரையிடம் போனால் அரசாங்கம், அரசாங்கத்திடம் போனால் துரை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பொய் சொன்னால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

நீ பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்த காலத்தில் லீவுக்கு வந்தால் அடுப்படியில் உட்கார்ந்து எங்களுக்கும் பாடம் எடுப்பாய். நான் உன் நோட்ஸ்களை எடுத்து வாசிப்பேன், பாதி புரியும். ஒருநாள் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது வெள்ளக்காரன் தனக்கு வேணும்னு கட்டுன அரசாங்கம்ப்பா. ஆளுறதுக்குக் கட்டுனான், சனங்களுக்குப் பதில் சொல்றதுக்குக் கட்டல. அவன் போனப்புறம் நம்மாளுங்க சட்டைய மட்டும் மாத்திக்கிட்டாங்க. அதனால இந்த மாதிரி நாடுகள்ல சமூகத்தவிட அரசு பெரிசா வீங்கிப் போயிருக்கு" என்றாய். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "வீங்கிப் போச்சா? எங்கடி இருக்கு அது? நான் கொழுந்தெடுக்கப் போன நாளையிலேருந்து ஒருநாளும் கண்ணால கண்டதில்லியே" என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. உன் அம்மா சொன்னதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். உன் பாடத்தில் இருக்கிற அரசு எங்கும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. இந்த மலையில் அது தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றது. நாம் பிறந்ததைத் துரையின் ஆபீஸில்தான் முதலில் சொன்னார்கள். மருத்துவச்சி தோட்டத்து ஆள், பிள்ளைகளைப் பார்க்கிற ஆயா தோட்டத்து ஆள், செத்தால் பெட்டிக்குப் பலகை கேட்பதும் தோட்டத்தில்தான். பொலிஸ்காரன் வருவதானால் துரை போன் போட்டு வருவான். வெள்ளைக்காரன் காணியைக் குத்தகைக்குக் கொடுத்தபோது, அந்தக் காணியில் இருந்த சனங்களை ஆளும் வேலையையும் சேர்த்தே குத்தகைக்குக் கொடுத்துவிட்டான். வாக்குரிமை வந்தது, கிராம சேவகர் வந்தார், ஆனாலும் அரசாங்கம் தோட்டத்துக்குள் வரும்போது செருப்பைக் கழற்றி வைத்து, துரையிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தது. இப்போது தோட்டத்தை வைத்திருக்கிற கம்பனிக்கு நாம் பாரமாகிவிட்டோம். வீடு, ரோடு, கக்கூஸ் எதுவும் எங்கள் பொறுப்பில்லை என்று அது அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறது. அரசாங்கம் வாங்க மறுக்கிறது. உன் நோட்ஸில் இதை எங்கேயாவது எழுதியிருந்தால் எனக்குக் காட்டு, நான் பார்த்த வரையில் இல்லை.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். உன் அலுவலகத்தில் பொதுமக்கள் நாள். நான், செல்லையா, மாரியாயி அக்கா, இன்னும் நாலைந்து பேர் காலை பஸ்ஸில் வந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே செல்லையா என்னை முன்னால் தள்ளினான். "கணக்கப்புள்ள, நீங்க முன்னால நடங்க. உள்ள இருக்குறது நம்ம புள்ள. ஆள் இருக்கும்போது நமக்கு என்ன பயம்?" கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிவிட்டது, அந்தப் பட்டம் மட்டும் இன்னும் போகவில்லை. நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். வாங்குப் பலகையில் எங்களுக்குப் பக்கத்தில் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர் இருந்தார். வீட்டுக்கு மேலே பாறை நிற்கிறதாம், அவரும் எத்தனையோ தரம் வந்துவிட்டாராம். "உங்களுக்குத் துரை, எங்களுக்கு மந்திரியோட ஆள். கடிதம் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் உன் பியோன் வந்து, மிஸ்ஸோட அப்பா யார் என்று சிங்களத்தில் கேட்டான். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். எழுந்து போனேன். நீ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாய், பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வரவழைத்தாய். நல்ல தூள். தேயிலைக்குள்ளேயே வாழ்கிறோம், அந்த மாதிரித் தூள் நம் வீட்டு அடுப்புக்கு வந்ததே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினாய்.

"அப்பா, நர்சரிக் காணி இப்போதைக்கு நடக்காது. ஃபைல் மேல போயிருக்கு. அத விடுங்க. டவுன் பக்கத்துல ஒரு வீட்டுத் திட்டம் வருது. உங்க பேரையும் அம்மா பேரையும் சேத்துவிடுறேன். அடுத்த மழைக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் இறங்கிருங்க. மழ பேஞ்சா எனக்கு இங்க வேலையே ஓட மாட்டேங்குதுப்பா."

"மத்தவங்க?" என்று கேட்டேன்.

"பாப்போம்ப்பா" என்றாய்.

உன் கண் கலங்கியிருந்தது. பெற்றவர்கள் மண்ணுக்குள் போய்விடுவார்களோ என்று பயப்படுகிற பிள்ளையிடம் என்ன சொல்வது? கோப்பையை முழுக்கக் குடித்து முடித்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குள் மற்றவர்களைக் கவுண்டரில் கூப்பிட்டு, துரையின் கடிதத்தோடு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழியில் செல்லையா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான். "என்ன கணக்கப்புள்ள, தேத்தண்ணி சூடா இருந்துச்சா?" மாரியாயி அக்காதான் அவனை அடக்கினாள். "விடுடா செல்லையா. அவரு புள்ள, அவருக்குச் செய்யுது. நம்ம புள்ளைங்களும் படிச்சிருந்தா நமக்கும் செஞ்சிருக்கும்." செல்லையா குத்தினது எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அக்கா சமாதானம் சொன்னாளே, அதுதான் வலித்தது. நீ செய்ததை அவள் குற்றமாகவே நினைக்கவில்லை. அரசாங்கம் என்றால் அப்படித்தான், உள்ளே ஆள் இருக்கிறவனுக்குத் தேத்தண்ணி, இல்லாதவனுக்குக் கவுண்டர் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் ஜீப்பில் தோட்டத்துக்கு வந்தாயே, அன்றைக்கு என்ன நடந்தது? தப்பு அடித்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். பெண்கள் "நம்ம துரைசாணி வந்துட்டா" என்று கேலியும் பெருமையுமாகக் கத்தினார்கள். நீ வெட்கப்பட்டு நெளிந்தாய். புதுத் துரை வந்தால் மாலை, சங்கத்துத் தலைவர் வந்தால் மாலை, மந்திரி வந்தால் மாலை, அந்த வரிசையில் நீயும். வேலையைச் செய்வதற்கு முன்னாலேயே மாலை போடுகிற சனம் இந்த உலகத்தில் நாம் மட்டும்தான் இருப்போம். சட்டப்படி நடக்கும் அதிகாரம் ஒன்று, முகத்தைப் பார்த்து நடக்கும் அதிகாரம் ஒன்று என்று உன் நோட்ஸில் இரண்டாகப் பிரித்திருந்தது. காலனிகளாக இருந்த நாடுகளில் சனங்கள் இன்னும் முகத்தைத்தான் தேடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. அதை வாசித்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களிடம் சட்டம் எப்போது வந்தது, நாங்கள் வேண்டாம் என்று முகத்தைத் தேடிப் போக? வந்ததெல்லாம் முகம்தான். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, கூரை ஒழுகுது என்று அவர்கள் சொன்னதைத் துரையிடம் சொல்வேன். துரை பாப்போம் என்பார். அதைக் கொண்டுவந்து சனங்களிடம் சொல்வேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நீ அந்த அறையில் அந்தச் சொல்லைச் சொன்னபோது என் பழைய வேலையை உன்னிடம் கொடுத்துவிட்டது போல இருந்தது.

அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டேன். நீயும் கத்தினாய், நானும் கத்தினேன். கடைசியில் நான், "சரி, காணி குடுக்க ஏலாதுன்னா இல்லன்னு எழுதிக் குடு" என்றேன்.

"அப்படியெல்லாம் எழுத ஏலாதுப்பா."

"ஏன் ஏலாது?"

"எழுதுனா அது முடிவாயிரும். அத வச்சு வழக்குப் போடுவாங்க. எங்க ஆபீஸ்ல யாரும் இல்லன்னு எழுதுறதே இல்ல. மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம்னுதான் எழுதுவோம்."

மகளே, இத்தனை வருஷம் நீ எடுத்த பாடத்தில் இதுதான் எனக்கு முழுதாகப் புரிந்த பாடம். யோசித்துப் பார்த்தேன். என் வாழ்நாளில் நாங்கள் கேட்ட எதையும் யாரும் மறுத்ததில்லை. ரோடு மறுக்கப்படவில்லை, காணி மறுக்கப்படவில்லை, எல்லாம் பரிசீலனையில் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்களுக்கு, நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று எழுதியே அனுப்பினார்கள். அது அநியாயம், ஆனால் அந்த அநியாயத்துக்கு ஒரு தாள் இருந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போட ஆட்கள் இருந்தார்கள். அதிலிருந்து ஆளுகிறவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லாமல் உட்கார வைத்தே ஆளலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். காத்திருக்கிறவன் எதிர்த்துப் பேச மாட்டான், வரிசையில் இருக்கிற இடமும் போய்விடுமோ என்று பயப்படுவான். ஹட்டனில் ஒரு சட்டத்தரணி அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டார்: "மறுத்துட்டாங்கன்னு எழுத்துல ஏதாவது இருக்கா, ஐயா?" இல்லை என்றேன். அப்படி ஒரு தாள் கையில் இருந்தால் வழக்குப் பேசுவது எளிது, அதை முதலில் வாங்கப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நான் இதை உனக்கு எழுதப் போகிறேன் என்றதும் உன் அம்மா என்மேல் பாய்ந்தாள். "புள்ளைக்கு இப்பதான் ஒரு வழி தொறக்குது. அதுல போயி கல்லப் போடுறீங்களே, நீங்கெல்லாம் ஒரு அப்பனா?" ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவள், செல்லையா வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எழுதுங்க. ஆனா புள்ளையத் திட்டாம எழுதுங்க" என்றாள். முயன்று பார்த்தேன், முடியவில்லை. டவுன் வீட்டைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். "செல்லையா பொண்டாட்டி இல்லாம அங்க போயி நான் யாரோட சண்ட போடுறது?" என்றாள். ஆகவே அந்தத் திட்டத்தில் எங்கள் பெயரைச் சேர்த்திருந்தால் எடுத்துவிடு. உன் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் பயம்தான். மழை இரைச்சலில் மலை அசைகிற சத்தம் கேட்குமா கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறவன் நான். ஆனால் அந்தச் சத்தம் என் காம்பராவுக்கு மட்டும் வராது.

வருகிற புதன்கிழமை நாங்கள் எல்லோரும் வருகிறோம். வாங்கில் உட்காருவோம். என்னை மட்டும் தனியாகக் கூப்பிடாதே, கூப்பிட்டால் எழுந்து வர மாட்டேன், பியோன் பாவம். எங்கள் முறை வரும்போது, நர்சரிக் காணியை இவர்களுக்குக் கொடுக்க முடியாது, இன்ன காரணத்தால் முடியாது என்று எழுதி, உன் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடு. கொடுக்கலாம் என்றால் அதை எழுது, அப்போது நானே உனக்கு மாலை போடுகிறேன். ஆனால் அந்த அதிகாரம் உன்னிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். மறுக்கிற அதிகாரமாவது இருக்கும். அப்படி எழுதினால் உன் மேலதிகாரிகள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கொழும்பு மாற்றல் தள்ளிப் போகலாம், நின்றே போகலாம். தெரிந்துதான் கேட்கிறேன். நீ எழுதாமல் போய்விட்டால் உன் இடத்துக்கு வருகிறவர் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார், துரையின் கடிதம் எங்கே என்பார், அதற்குள் மழை வந்துவிடும்.

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நாங்கள் வழக்குப் போடுவோம். மனுவில் எதிராளியின் இடத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயரை எழுத வேண்டுமாம். விவரங்களையெல்லாம் தமிழில் எழுதித் தரச் சொல்லி சட்டத்தரணி அம்மா என்னிடம்தான் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் உன் பெயரை நான்தான் எழுதுவேன். உன் அம்மாவோடு சண்டை பிடித்து, நான் ஆசைப்பட்டு உனக்கு வைத்த பெயர். எழுதும்போது அழுதுவிடுவேன் என்று நினைக்கிறேன், அதனால் என்ன, எழுதுவேன். நீ அங்கே வந்து எங்களுக்கு எதிரில் நின்று பதில் சொல். இத்தனை தலைமுறையில் எங்கள் முகத்துக்கு நேரே பதில் சொன்ன முதல் அரசாங்கம் என் மகளாக இருக்கட்டும்.

அப்பா